மனச்சிதைவு நோயில் கண்ணசைவும் நிக்கோட்டினும்: டென்வர், பால்டிமோர் சோதனைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடையே புகைபிடிப்போர் மிகுதி என்பது மனநல மருத்துவமனையில் சில மாதங்கள் வேலை பார்த்த எவரும் நேரில் கண்டிருக்கக்கூடிய உண்மை. 2005இல் டி லியோனும் டியாஸும் 20 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, இந்நோய் உள்ளவர்களில் சராசரியாக 62 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்களாக இருந்தனர். இதே நோயாளிகளின் கண்கள் நகரும் பொருளைச் சீராகப் பின்தொடர்வதில் தடுமாறுகின்றன என்பது அதைவிடப் பழைய செய்தி. அது 1908லேயே பதிவாகிவிட்டது. இவ்விரண்டு செய்திகளும் பல பத்தாண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றியே கிடந்தன. சிகரெட்டில் உள்ள நிக்கோட்டின் அந்தக் கண்ணசைவை மாற்றுகிறதா, மாற்றுமானால் அது மூளையின் எந்தக் குறையைத் தொட்டு மாற்றுகிறது என்ற கேள்வியை 1990களின் இறுதியில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஆய்வாளர்கள் எழுப்பினர். அதே கேள்வியை அடுத்த ஐந்தாண்டுகளில் பால்டிமோரை அடுத்துள்ள மேரிலாண்ட் மனநல ஆய்வு மையத்தினர் மேலும் நுட்பமாகச் சோதித்தனர். அந்தச் சோதனைத் தொடரே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நிகழ்வு.

எதை அளந்தார்கள்

விழித்திரையின் நடுவே உள்ள மிகச் சிறிய பகுதிதான் கூர்மையாகப் பார்க்க வல்லது. ஆகவே பார்க்க வேண்டிய பொருளின் பிம்பம் எப்போதும் அந்தப் பகுதியிலேயே விழும்படி கண் தன்னைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குக் கண்ணிடம் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தாவல்: ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நொடிக்குப் பல நூறு பாகை வேகத்தில் கண் குதிப்பது. மற்றது பின்தொடர்வு: மெல்ல நகரும் பொருளோடு அதே வேகத்தில் கண்ணும் வழுக்கிச் செல்வது. நாம் ஒரு வரியைப் படிக்கும்போது நடப்பது தாவல்; வானில் பறக்கும் பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடப்பது பின்தொடர்வு. நகரும் பொருள் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் கண்ணைச் சீராக நகர்த்த முயன்றால் பெரும்பாலோருக்கு அது இயலாது. சிறு சிறு தாவல்களாகத்தான் கண் நகரும். பின்தொடர்வு என்பது மன உறுதியால் மட்டும் வரவழைக்கக்கூடிய செயல் அன்று என்பதை இது காட்டுகிறது.

பின்தொடர்வை அளக்கும்போது ஆய்வாளர்கள் மூன்று கூறுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இலக்கு நகரத் தொடங்கிய பின் சுமார் பத்தில் ஒரு நொடி கழித்துக் கண் கிளம்புகிறது. கிளம்பும் அந்த வேளையில் கண் எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பது தொடக்க முடுக்கம். அடுத்து, கண்ணின் வேகத்தை இலக்கின் வேகத்தால் வகுத்து வரும் ஈட்டு விகிதம். கண் இலக்கோடு முழுமையாக இணைந்து சென்றால் அது 1, பின்தங்கினால் அதற்குக் குறைவு. மூன்றாவது, பின்தொடர்வின் நடுவே ஊடுருவும் தாவல்கள். இவற்றிலும் இரண்டு வகை உண்டு. பின்தங்கிய கண் இலக்கை எட்டிப் பிடிக்கக் குதிப்பது ஈடுகட்டும் தாவல். அது குறையைச் சரிசெய்யும் முயற்சி. இலக்கு இன்னும் வந்து சேராத இடத்துக்குக் கண் முன்கூட்டியே குதித்துவிடுவது முந்துதாவல். அதனால் குறை சரியாவதில்லை, கூடவே செய்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் பின்வரும் சோதனைகளின் முடிவுகளைப் படித்தால், கண்ணசைவு ‘மேம்பட்டது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்றே விளங்காது. பல சுருக்கக் கட்டுரைகள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

முன்கதை

1908இல் டீஃபென்டார்ஃப், டாட்ஜ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளின் கண்ணசைவை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார்கள். அக்காலத்தில் டிமென்ஷியா பிரீகாக்ஸ் என்று பெயர் பெற்றிருந்த இதே மனச்சிதைவு நோயினரின் கண்கள் ஊசலாடும் இலக்கைச் சீராகத் தொடரவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அந்தக் கட்டுரை நெடுங்காலம் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது. 1973இல் பிலிப் ஹோல்ஸ்மன் தம் சக ஆய்வாளர்களுடன் ஊசல் ஒன்றை ஆட்டிவிட்டு, மனச்சிதைவு நோயாளிகளின் கண்கள் அதைப் பின்தொடரும் விதத்தைப் பதிவு செய்து அதே முடிவை மீண்டும் நிறுவினார். மறு ஆண்டு வெளியான தொடர் ஆய்வு இன்னும் முக்கியமானது: நோயாளிகளின் பெற்றோரும் உடன்பிறந்தோரும், தங்களுக்கு நோய் இல்லாதபோதும், பாதிக்குச் சற்றுக் குறைவான பேர் இதே தடுமாற்றத்தைக் காட்டினார்கள். நோயாலோ மருந்தாலோ விளைந்த பின்விளைவு என்று மட்டும் இதை இனி ஒதுக்கிவிட முடியாது. குடும்பத்தில் கடத்தப்படும் நரம்பியல் அடையாளம் ஒன்று இங்கே வெளிப்படுகிறது என்ற எண்ணம் அன்றிலிருந்து வலுப்பெற்றது.

எதிர்வாதமும் உடனே எழுந்தது. நோயாளிகள் கவனம் செலுத்தவில்லை, அதனால்தான் கண் தடுமாறுகிறது என்றார்கள் சிலர். நகரும் இலக்கின்மேல் எண்களை எழுதி அவற்றை வாசிக்கச் சொன்னபோது பின்தொடர்வு ஓரளவு சீர்ப்பட்டது. ஆனால் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையேயான வேறுபாடு முழுதாக மறையவில்லை. கவனம் என்ற இந்தப் பழைய ஐயம் நிக்கோட்டின் ஆய்வுகளிலும் திரும்பி வருவதைப் பின்னர் காணலாம்.

டென்வர், 1998

டென்வரில் ராபர்ட் ஃபிரீட்மன் தலைமையில் இயங்கிய குழு கண்ணிலிருந்து தொடங்கவில்லை, காதிலிருந்தே தொடங்கியது. அரை நொடி இடைவெளியில் இரண்டு ‘டிக்’ ஒலிகளைக் கேட்டால், பெரும்பாலோரின் மூளை இரண்டாவது ஒலிக்கு மிகக் குறைவாகவே எதிர்வினை காட்டும். தேவையற்ற மறு ஒலியை அது வடிகட்டிவிடுகிறது. மனச்சிதைவு நோயாளிகள் பலரிடம் இந்த வடிகட்டல் நிகழ்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் இக்குழுவைச் சேர்ந்த ஆட்லரும் மற்றவர்களும், புகைபிடித்த சில நிமிடங்களுக்கு நோயாளிகளிடம் இந்த வடிகட்டல் சீராவதையும், நிக்கோட்டின் சூயிங் கம் மென்ற பின் நோயாளிகளின் உறவினர்களிடமும் இதே மாற்றம் ஏற்படுவதையும் காட்டினார்கள். 1995இல், இறந்த நோயாளிகளின் மூளையில், நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஆல்ஃபா-7 வகை நிக்கோட்டின் ஏற்பிகள் (நரம்பணுக்களில் நிக்கோட்டின் வந்து ஒட்டித் தூண்டும் புரதங்கள்) குறைந்திருப்பதாக அறிவித்தார்கள். 1997இல் அந்த ஏற்பிக்கான மரபணு அமைந்துள்ள 15ஆம் குரோமோசோம் பகுதியோடு இந்த வடிகட்டல் குறை குடும்பங்களில் இணைந்து கடத்தப்படுவதாக எழுதினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1998இல் ஒலின்சியும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்ணுக்கு வந்தார்கள். புகைபிடிக்கும் பழக்கமுள்ள நோயாளிகளையும் நோயில்லாத புகைப்பவர்களையும் பல மணி நேரம் புகைக்காமல் இருக்கச் செய்து பின்தொடர்வை அளந்தார்கள்; பிறகு அவர்களைப் புகைக்கச் செய்து உடனே மறுபடி அளந்தார்கள். நோயாளிகளிடம் முந்துதாவல்கள் குறைந்தன. நோயில்லாத புகைப்பவர்களிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை.

இந்த முடிவின் எடையைப் புரிந்துகொள்ள அதற்குப் பத்தாண்டு முன் வந்த இன்னொரு செய்தியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1988இல் நியூயார்க் மாநிலத்தில் சிபோனியும் அவருடைய சகாக்களும், நோயில்லாதவர்கள் புகைத்தபின் பின்தொடர்வின் நடுவே சதுர அலை போன்ற சிறு குலுக்கல்கள் கூடுவதைக் கண்டிருந்தார்கள். அதாவது நலமுள்ள கண்ணைப் புகையிலை சற்றுக் கலைக்கிறது. அப்படிக் கலைக்கும் ஒரு பொருளே நோயுள்ளவர்களின் கண்ணைச் சற்று ஒழுங்குபடுத்துகிறது என்றால், அவர்களுடைய மூளையில் நிக்கோட்டின் ஏற்பிகள் தொடர்பான ஏதோ ஒன்று முன்பே குறைபட்டிருக்கிறது என்று ஊகிப்பதற்கு இடமுண்டு. முந்துதாவல் இவ்வளவு முக்கியத்துவம் பெறுவதும் இதனால்தான். இலக்கு அடுத்து எங்கே இருக்கும் என்று மூளை முன்னூகிப்பது இயல்பு. அந்த ஊகம் தாவலாக வெடித்துவிடாமல் தடுத்து வைப்பதும் மூளையின் வேலை. ஓரிரு பாகை அளவேயான சின்னஞ்சிறு முந்துதாவல்கள் மிகுவது அந்தத் தடுப்பு தளர்ந்துவிட்டது என்பதன் அறிகுறி எனக் கருதலாம். இரண்டாவது ‘டிக்’ ஒலியை அடக்க முடியாத மூளையும், முந்திக் குதிக்கும் கண்ணை அடக்க முடியாத மூளையும் ஒரே குறையின் இரு வெளிப்பாடுகளாக இருக்கலாம் என்பதே டென்வர் குழுவின் நோக்கு.

ஆனாலும் இச்சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பல மணி நேரம் புகைக்காமல் இருந்த புகைப்பவர் இயல்பான நிலையில் இருப்பவர் அல்லர். நிக்கோட்டின் இல்லாத தவிப்பு, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் அவரிடம் இருக்கும். அந்த நிலையில் கண்ணை அளந்து, பின் ஒரு சிகரெட் கொடுத்து மறுபடி அளந்தால், நாம் காண்பது நிக்கோட்டினின் நற்பயனா, தவிப்பு தணிந்ததன் பயனா? நோயாளிகள் மற்றவர்களைவிடக் கடுமையாகப் புகைப்பவர்கள் என்பதால் அவர்களுடைய தவிப்பும் கூடுதலாக இருந்திருக்கலாம். அப்படியானால் நோயாளிகளிடம் மட்டுமே மாற்றம் தெரிந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தவிர, சிகரெட் புகையில் நிக்கோட்டின் தவிர வேறு ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களும் உள்ளன.

பால்டிமோர், 2002–2003

இந்த ஓட்டையை அடைப்பதற்கான வழி கேட்பதற்கு எளியது: புகைக்கும் பழக்கமே இல்லாத நோயாளிகளுக்கு நிக்கோட்டினை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. புகைக்காதவரிடம் தவிப்பு இல்லை; ஆகவே தணிவதற்கும் ஒன்றுமில்லை. செயலில் இது அவ்வளவு எளிதன்று. பெரும்பான்மையினர் புகைபிடிக்கும் ஒரு நோயாளிக் கூட்டத்தில் புகைக்காதவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். பழக்கமில்லாத உடலுக்குக் குமட்டலோ தலைச்சுற்றலோ வராத அளவில் நிக்கோட்டின் தர வேண்டும்.

மேரிலாண்ட் மனநல ஆய்வு மையத்தில் குன்வந்த் தாக்கரின் குழுவில் பணியாற்றிய ஷெர், அவிலா ஆகியோரும் மற்றவர்களும் இதற்கு மூக்கில் தெளிக்கும் நிக்கோட்டின் மருந்தைத் தேர்ந்தார்கள். புகைப்பழக்கத்தை விடுவதற்கெனவே உருவான மருந்து அது. ஒரு தெளிப்பில் 0.5 மில்லிகிராம் வெளிவரும், இரு நாசிகளிலும் ஒவ்வொரு முறை தெளித்தால் மொத்தம் 1 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடல் உறிஞ்சும் நிக்கோட்டினும் ஏறத்தாழ இதே அளவு. சூயிங் கம்மையும் தோலில் ஒட்டும் பட்டையையும்விட விரைவாக இது இரத்தத்தில் ஏறுவதால், சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கும் விளைவைப் பிடிக்க ஏற்றது. புகைக்கும் நோயாளிகள், புகைக்காத நோயாளிகள், நோயில்லாதவர்கள் எனப் பிரித்து ஒப்பிட்டார்கள்.

2002இல் வெளியான ஷெரின் கட்டுரையில், நிக்கோட்டின் பெற்ற நோயாளிகளிடம் பின்தொடர்வின் தொடக்க முடுக்கமும், தொடரும்போது உள்ள ஈட்டு விகிதமும் மேம்பட்டன. புகைக்கும் நோயாளிகள், புகைக்காத நோயாளிகள் ஆகிய இரு சாராரிடமும் இம்மாற்றம் காணப்பட்டது. அடுத்த ஆண்டு அவிலாவின் கட்டுரை முந்துதாவல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, நிக்கோட்டினுக்குப் பின் நோயாளிகளிடம் அவை குறைவதை உறுதி செய்தது. நிறுத்தலின் தவிப்பு தணிவதால்தான் கண் சீராகிறது என்ற விளக்கம் மட்டும் இனிப் போதாது என்பது இவ்விரு கட்டுரைகளின் சாரம்.

என் பார்வையில் இந்தத் தொடரிலேயே மிகுந்த மதிப்புக்குரிய பகுதி இதுதான். முந்துதாவல் குறைந்தது என்ற செய்தி டென்வரிலேயே கிடைத்துவிட்டது. பால்டிமோர் செய்தது அந்தச் செய்திக்கு இருந்த மிக இயல்பான மாற்று விளக்கத்தை நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்தது. அறிவியலில் அரிதாகப் பாராட்டப்படும் உழைப்பு அது. தொடக்க முடுக்கம் மேம்பட்டதையும் தனியே கவனிக்க வேண்டும். கண் கிளம்பும் முதல் பத்தில் ஒரு நொடியில், தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் சுற்று இன்னும் தொடங்குவதில்லை. அப்போது கண்ணை இயக்குவது இலக்கின் வேகம் பற்றி மூளை பெற்ற முதல் மதிப்பீடு. அது மேம்பட்டால், நிக்கோட்டின் முந்திக் குதிப்பதை அடக்குவதோடு நின்றுவிடாமல், அசைவைக் கணித்து இயக்கமாக மாற்றும் வழித்தடத்தையும் தொடுகிறது என்றாகிறது.

இந்த ஆய்வுகளால் நீக்க முடியாத ஐயங்களும் உண்டு. குழுக்கள் சிறியவை, சில பத்துப் பேருக்கு மேல் போகாதவை. மூக்கில் தெளிக்கும் நிக்கோட்டின் எரிச்சல் தரும் என்பதால், தமக்குக் கிடைத்தது எது என்பதை ஒருவர் ஊகித்துவிட வாய்ப்புண்டு. நோயாளிகள் பெரும்பாலும் மனநல மருந்துகள் உட்கொண்டிருப்பவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கவனம் பற்றிய பழைய ஐயம் இங்கும் நிற்கிறது: நிக்கோட்டின் விழிப்பையும் கவனத்தையும் கூட்டும் பொருள், கவனம் கூடினால் பின்தொடர்வு ஓரளவு சீராகும் என்பது எண்கள் எழுதிய ஊசல் காலத்திலேயே தெரிந்தது. கண்ணின் மாற்றம் நேரானதா, கவனத்தின் வழியாக வந்ததா என்பதை இவ்விரு கட்டுரைகளாலும் முழுமையாகப் பிரிக்க முடியவில்லை.

பிற நகரங்கள், பிற சான்றுகள்

அதே 2002இல் மான்ட்ரியலில் டெபாட்டியும் சகாக்களும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். தருபவரும் பெறுபவரும் எது மருந்து, எது வெற்றுப் பட்டை என்று அறியாதபடி, ஒவ்வொருவரும் இரண்டையும் மாறி மாறிப் பெற்றார்கள். பின்தொடர்வோடு எதிர்த்திசைத் தாவலையும் அவர்கள் சோதித்தார்கள். ஒரு புறத்தில் ஒளி தோன்றும்போது அதைப் பார்க்காமல் நேர் எதிர்ப்புறம் கண்ணைத் திருப்ப வேண்டும் என்பது அச்சோதனை. தானாக எழும் தூண்டலை அடக்கும் ஆற்றலை, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியின் வேலையை, அது அளக்கிறது. மனச்சிதைவு நோயாளிகள் இதில் அடிக்கடி தவறி ஒளியையே பார்த்துவிடுகிறார்கள். நிக்கோட்டின் அந்தத் தவறுகளைக் குறைத்தது. பின்னர் 2013இல் ஜெர்மனியின் பான் நகரத்து ஆய்வாளர்கள், எதிர்த்திசைத் தாவலில் நிக்கோட்டின் நோயாளிகளுக்கும் நோயில்லாதவர்களுக்கும் ஒருங்கே உதவுவதாகக் கண்டார்கள். இந்த வேறுபாடு சிந்திக்க வேண்டியது: முந்துதாவலில் நோயாளிகளிடம் மட்டும் தெரிந்த நன்மை, எதிர்த்திசைத் தாவலில் எல்லோரிடமும் தெரிகிறது. ஒரே மருந்து இரண்டு வெவ்வேறு வழிகளில் வேலை செய்கிறது என்று எண்ணுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மூளைப் படங்கள் டென்வர் குழுவின் பழைய ஊகத்துக்குத் துணை நின்றன. பின்தொடர்வின்போது நோயாளிகளின் ஹிப்போகேம்பஸ் மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்குவதை ட்ரெகெல்லாஸ் 2004இல் காட்டியிருந்தார். 2006இல் டனாபேயும் சகாக்களும் நிக்கோட்டின் தந்த பிறகு அந்த மிகை இயக்கம் குறைவதைப் படம்பிடித்தார்கள். அடக்கப்பட வேண்டிய இடம் அடங்குகிறது; அப்போது கண்ணும் முந்திக் குதிப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் ஆல்ஃபா-7 ஏற்பிக்கு ஒரு குணம் உண்டு. அதைத் தூண்டக் கூடுதல் நிக்கோட்டின் தேவை. தூண்டிய மறுகணமே அது மரத்துப்போய்ச் சற்று நேரம் வேலை செய்யாது. நோயாளிகள் ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் மற்றவர்களைவிட ஆழமாக இழுத்துக் கூடுதல் நிக்கோட்டின் பெறுகிறார்கள் என்று அவர்களின் உடலில் உள்ள, நிக்கோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளின் அளவு காட்டுவதையும், பயன் சில நிமிடங்களில் கரைந்துபோவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். நிக்கோட்டினை மருந்தாகவே தொடர்ந்து கொடுத்துவிட முடியாததற்கு இந்த மரத்துப்போதலே முதற்காரணம்.

ஏற்பியை மட்டும் தொடும் மருந்துகள்

ஆகவே, ஆல்ஃபா-7 ஏற்பியை மட்டும் இதமாகத் தூண்டும் மருந்துகளைத் தேடினார்கள். கடற்புழு ஒன்றின் நச்சிலிருந்து வடிவமைக்கப்பட்ட டிஎம்எக்ஸ்பி-ஏ என்ற மருந்தை டென்வர் குழு 2006இல் புகைக்காத 12 நோயாளிகளிடம் சோதித்து நம்பிக்கையூட்டும் முடிவு கண்டது. பெரிய சோதனையில் அந்த நம்பிக்கை அதே அளவில் நிலைக்கவில்லை. என்செனிக்லின் என்ற இன்னொரு மருந்து மூன்றாம் கட்டச் சோதனைகள் வரை சென்று, 2016இல் எதிர்பார்த்த இலக்கை எட்டாமல் நின்றது.

புகையை விடுவதற்காக ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த வரெனிக்லினை, மேரிலாண்ட் மையத்தைச் சேர்ந்த ஹாங்கும் சகாக்களும் புகைப்பவர், புகைக்காதவர் ஆகிய இரு சாராரிடமும் எட்டு வாரம் மிதமான அளவில் கொடுத்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்த்திசைத் தாவலில் தவறுகள் குறைந்தன; பின்தொடர்வின் அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரு முறை தெளித்த நிக்கோட்டினுக்கு இசைந்த பின்தொடர்வு, எட்டு வார மருந்துக்கு இசையவில்லை. இந்த ஏமாற்றத்தை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. கண்ணசைவின் கூறுகளைப் பிரித்து அளந்திருந்ததால்தான், எது மாறியது, எது மாறவில்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது.

சிகரெட்டின் கணக்கு

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, நோயாளி புகைப்பது அவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் வைத்தியம், ஆகவே தடுக்க வேண்டாம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் வாதம். புகையிலைத் தொழிலின் உள் ஆவணங்களை ஆராய்ந்த ப்ரோச்சாஸ்காவும் சகாக்களும் 2008இல் காட்டியபடி, இந்தச் சுய வைத்தியக் கருத்தை வளர்க்கும் ஆய்வுகளுக்கு அத்தொழிலே நிதி தந்தது. மருத்துவமனைகளில் புகைத்தடை வராமல் இருக்கவும் அது துணை நின்றது. மனச்சிதைவு நோயாளிகள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பங்கு இதயநோய், நுரையீரல் நோய், புற்றுநோய் ஆகியவற்றால் நேர்வது. சில நிமிடங்களுக்கு ஒரு பாகைத் தாவல் குறைவதை இந்த இழப்போடு எடைபோட முடியாது. வரெனிக்லின் நோயாளிகளின் மனநிலையைக் கெடுக்கும் என்ற நெடுநாள் அச்சமும், மனநலச் சிக்கல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையால் பெரிதும் நீங்கிவிட்டது.

புகையை விடுவதில் மருத்துவர் முன்கூட்டியே கணக்கிட வேண்டிய ஒரு செய்தி உண்டு. அதற்கும் நிக்கோட்டினுக்கும் தொடர்பில்லை. சிகரெட் எரியும்போது உண்டாகும் தாரில் உள்ள சில பொருள்கள் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியைப் பெருக்கிவிடுகின்றன. மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகளைச் சிதைப்பது அந்த நொதி. புகைப்பவருக்கு இதனால் கூடுதல் அளவு மருந்து தேவைப்பட்டிருக்கும். அவர் புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள்ளாகவே நொதி குறையத் தொடங்கும். அதே மாத்திரையை அதே அளவில் விழுங்கிக்கொண்டிருப்பவரின் இரத்தத்தில் குளோசபின் பாதியளவு அல்லது அதற்கும் மேல் உயர்ந்து, அளவுமீறிய உறக்கத்துக்கும் வலிப்புக்கும் வழிவகுக்கலாம். நிக்கோட்டின் பட்டையோ சூயிங் கம்மோ அந்த நொதியைத் தொடுவதில்லை. ஆகவே அவற்றைப் பயன்படுத்துவோருக்கும், புகை நின்ற நாளிலிருந்து முதல் சில வாரங்களுக்கு இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும்.